அரை நொடி

முதல்லயே உண்மையைச் சொல்லிடறேன். நான் ஓட்டின ஒரே கார் மாமாவோட பழைய மாருதி 800. ஸ்போர்ட்ஸ் கார் பத்திப் பேச உனக்கென்ன தகுதின்னு கேட்டீங்கன்னா, ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை போட்ட தகுதிதான்.

ரூம்மேட் பேடில் ஷிஃப்டர் கட்சி. ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இருக்கிற ரெண்டு தகட்டைத் தட்டினா கியர் மாறும், கையை எடுக்கவே வேண்டாம். 1989ல ஃபெராரி 640 இந்த ஏற்பாட்டோட பிரேசில் கிராண்ட் ப்ரீல இறங்குச்சு. முதல் ரேஸ்லயே நைஜல் மேன்செல் ஜெயிச்சுட்டார். இப்ப வர்ற டூயல் கிளட்ச்ல ஒத்தைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொண்ணு. மூணாவதுல ஓடும்போதே நாலாவது தயாரா நிக்கும். மனுஷக் கை இதோட போட்டி போட முடியாது. சரி, ஒத்துக்கறேன்.

அப்புறம் ஏன் போர்ஷே பின்வாங்குச்சு? 2013ல வந்த 911 ஜிடி3ல பிடிகேங்கிற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் மட்டும்தான். அதுவரைக்கும் வந்த ஜிடி3 எல்லாமே மேனுவல். ரசிகர்கள் புலம்பித் தீர்த்தாங்க. 2016ல 911 ஆர்னு 991 கார் மட்டும் செஞ்சாங்க, அத்தனையும் ஆறு கியர் மேனுவல். 2017 ஜிடி3ல மேனுவல் திரும்பியே வந்துடுச்சு. நின்ன இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்குப் போக பிடிகேக்கு 3.4 நொடி, மேனுவலுக்கு 3.9. அரை நொடி நஷ்டம்னு தெரிஞ்சேதான் வாங்கினாங்க. (உச்ச வேகத்துல மட்டும் மேனுவல் 320, பிடிகே 318. இதை ரூம்மேட்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன்!)

எனக்கு அந்த ஆளுங்களைப் புரியுது. ரயில்வே மேம்பாலச் சரிவுல மாருதி ஆஃப் ஆகி நிக்குது, பின்னாடி பஸ்காரர் ஹார்னை விடாம அடிக்கிறார், எனக்குக் கால் நடுங்குது. மாமா கத்தல. "கிளட்சை மெதுவா விடுடா, வண்டி லேசாத் துடிக்கும். அப்ப ஹேண்ட்பிரேக்கை எடு"ன்னார். துடிச்சுது. உள்ளங்கால்ல தெரிஞ்சுது. பின்னால உருளாம வண்டி மேல ஏறினப்போ, பஸ் சத்தம்கூடக் காதுல விழல.

அந்தத் துடிப்புக்கு எத்தனை நொடி கொடுக்கலாம்னு ரூம்மேட்டைக் கேட்டேன். "சென்டிமென்ட்"னு சொல்லிட்டுப் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டான்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனா, மாமா மாருதியை வித்துட்டார். இடது முழங்கால் வலி, கிளட்சை மிதிக்க முடியலையாம். வாசல்ல ஒரு ஆட்டோமேட்டிக் நிக்குது.

ரூம்மேட்கிட்ட இன்னும் சொல்லல.