சுவரில் எழுதிய பெண்

பேய்க் கதைகளை நம்புவோர் ஒரு சாரார். அவற்றைக் கேட்டு நகைப்போர் மற்றொரு சாரார். நான் நெடுங்காலம் இரண்டாவது சாராரோடு நின்றவள். சான்றுகளின் நம்பகத்தன்மை பற்றிய கருத்தரங்கொன்றிற்காகப் போர்லி என்னும் ஆங்கிலக் கிராமத்தின் கதையை நான் தெரிந்தெடுத்ததும் நகைக்கும் நோக்கத்துடனேயே.

போர்லி, இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பழைய தேவாலயமொன்றும் சில வீடுகளும் கொண்ட சிற்றூர். அத்தேவாலயத்தின் அருகே 1862இல் வண. ஹென்றி புல் என்பார் செங்கல்லால் ஒரு பெரிய குருமனையைக் கட்டினார். அவருக்குப் பிள்ளைகள் 14 பேர். அவ்விடத்தைப் பற்றி ஒரு கதை வழங்கி வந்தது. முன்னொரு காலத்தில் அங்கிருந்த மடத்துத் துறவி ஒருவனும் கன்னியாஸ்திரி ஒருத்தியும் காதலித்து ஓட முயன்று பிடிபட்டார்களாம். அவன் கொல்லப்பட, அவளை உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டினார்களாம். 1900 யூலை 28ஆந் திகதி, பொழுது சாயும் வேளையில், அக்கன்னியாஸ்திரியைத் தோட்டத்திற் கண்டதாகப் புல்லின் புதல்வியர் கூறினர். ஆனால், போர்லியில் அத்தகைய மடம் இருந்தமைக்கு வரலாற்றுச் சான்று எதுவுமில்லை.

1929இல் அங்கு வாழ்ந்த குருவும் மனைவியும் டெயிலி மிரர் பத்திரிகையின் உதவியை நாடினர். பத்திரிகை, ஆவி ஆராய்ச்சியாளராகிய ஹரி பிறைஸ் என்பவரை அழைத்து வந்தது. அன்று தொடக்கம் போர்லிக்கு அமைதியில்லை. வேடிக்கை பார்க்க மக்கள் திரண்டனர். 1937இல் பிறைஸ் அம்மனையை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்து, விளம்பரத்தின் மூலம் பார்வையாளரைத் திரட்டி இரவுகளிற் காவல் வைத்தார். 1939 பெப்ரவரியில், எண்ணெய் விளக்கொன்று சரிந்ததால் மனை தீப்பற்றி எரிந்தது. எஞ்சிய சுவர்கள் 1944இல் இடிக்கப்பட்டன. இடையில், 1940இல், இங்கிலாந்திலேயே பேய்கள் மிக மலிந்த வீடு இதுவென்று பிறைஸ் ஒரு நூலே எழுதிவிட்டார். அவர் இறந்த பின்னர், 1956இல், உளவியல் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த மூவர் சான்றுகள் அனைத்தையும் மீள ஆராய்ந்தனர். பெரும்பாலானவை இயற்கைக் காரணங்களாலோ மனிதர் கைவரிசையாலோ நிகழ்ந்திருக்கலாம் என்று கண்டதோடு, பிறைஸ் மீதே ஐயங்கொண்டனர்.

என் கட்டுரை இவ்விடத்தில் முடிந்தது. கருத்தரங்கிற் பாராட்டும் கிடைத்தது.

சில நாட்களின் பின் ஓர் இரவு விடுதியில் மின்சாரம் தடைப்பட்டது. மெழுகுதிரி வெளிச்சத்திற் கூடியிருந்தோருக்கு இக்கதையைச் சொன்னேன். அம்மனையின் சுவர்களிற் பென்சிலால் உதவி கேட்டு எழுதப்பட்டிருந்த சொற்களைப் பற்றியும் சுவைக்காகச் சேர்த்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின், முதலாம் வருட மாணவி ஒருத்தி கேட்டாள்: “அக்கா, அந்தச் சுவரில எழுதினதுக்கு ஆராவது மறுமொழி எழுதினவையோ?”

என்னிடம் விடை இருக்கவில்லை. மறுநாள் நூலகத்தில் அதே நூல்களை மீண்டும் விரித்தேன்.

1930 முதல் 1935 வரை அம்மனையில் வாழ்ந்தவர்கள் வண. லயனல் ஃபொயிஸ்ரரும் அவர் மனைவி மரியனும். கணவர் இருபது வயதுக்கு மேல் மூத்தவர், மூட்டுவாதத்தால் நலிந்தவர். மின்சாரமில்லை, குழாய்நீருமில்லை. அக்காலத்திலேயே அச்சொற்கள் தோன்றின. அவை மரியனைப் பெயர் சொல்லி அழைத்து, தயவுசெய்து உதவும்படி வேண்டின. அவற்றுக்கு மறுமொழியும் இருந்தது! தனக்கு விளங்கவில்லை, மேலும் சொல்லும்படி மரியனே சுவரில் எழுதியிருந்தார். 1931இல் அங்கு சென்ற பிறைஸ், நிகழ்ச்சிகளுக்கெல்லாம் காரணம் மரியனே என்று சந்தேகித்து, அதனைக் கணவரிடமே கூறினார். பின்வந்த ஆய்வாளர் ஐயமும் அவர் மீதே படிந்தது.

இவ்விவரங்கள் யாவும் முன்னரும் என் கண்ணிற் பட்டவையே. “எழுதியவர் மரியனாக இருக்கலாம்” என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதி, அடிக்கோடிட்டு, அப்பால் நகர்ந்திருந்தேன். மோசடி என்றதும் விடயம் முடிந்துவிட்டதென எண்ணினேன். ஆனால் அவ்வையம் மெய்யானால், அப்பெரிய வீட்டில் ஒரு பெண் தன் பெயரையே அழைத்துத் தன்னிடமே உதவி கேட்டிருக்கிறாள். தனக்கு விளங்கவில்லை என்று தானே மறுமொழியும் எழுதியிருக்கிறாள். அது வெறும் விளையாட்டாகவும் இருந்திருக்கலாம். ஆயினும், பேயை நம்பியவரும் நம்பாதவரும் ‘யார் எழுதியது?’ என்று வாதிட்டார்களேயன்றி, ‘என்ன உதவி வேண்டும்?’ என்று அப்பெண்ணைக் கேட்டதாக நான் படித்த பக்கங்களிற் காணவில்லை. நானும் கேட்கவில்லை.

பேய் உண்டென்று இன்றும் நான் நம்பவில்லை. சான்றைச் சோதிப்பது நம் கடமை. 1956இல் அம்மூவர் செய்த பணி மதிக்கத்தக்கதே. ஆனால் ஒரு கூற்றைப் பொய்யென நிறுவியதும், அதைக் கூறியவரைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் அறிந்துவிட்டோம் என்று எண்ணுவது அறிவாகாது. சுவருக்குள் வைத்துக் கட்டப்பட்ட, என்றுமே வாழ்ந்திராத ஒரு கன்னியாஸ்திரியைக் காண ஊர் திரண்டது. அச்சுவர்களுக்கிடையே வாழ்ந்திருந்த பெண்ணோ வெறும் சந்தேகப் பொருளானாள்.

அம்மாணவிக்கு விடையைச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்து, “அப்ப, பாவம் அந்த மனுசி,” என்றாள். என் கருத்தரங்குக் கட்டுரையில் இல்லாத வரி அது.