வெண்ணெய்த் தாளின் பூர்வீகம்

வெண்ணெய்க் கட்டியைச் சுற்றியிருக்கும் வெள்ளைத் தாளை யாரும் மதிப்பதில்லை. ஒட்டியிருப்பதைக் கத்தியால் வழித்துவிட்டுக் குப்பையில் போடுவதோடு சரி. வாரக்கணக்கில் நெய்ப்பசையிலேயே கிடந்தும் அது ஏன் ஊறிப்போவதில்லை? பிளாஸ்டிக் பூச்சும் தட்டுப்படவில்லையே! விசாரிக்கச் சென்னை ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன்.

“பட்டர் பேப்பர்னு எல்லாத்தையும்தான் சொல்வாங்க சார்” என்றார் கடைக்காரர். “டிராயிங் போடுறதும் அதான், கேக் தட்டுல விரிக்கிறதும் அதான். வெண்ணெய் சுத்துற ஒரிஜினல் வேற. தண்ணியில போட்டுக் கிழிச்சுப் பாருங்க, தெரிஞ்சுடும்.”

வீட்டில் கொதிநீரில் போட்டேன். சாதாரணத் தாள் கூழாகிவிட்டது. வெண்ணெய்த் தாளோ அசையவில்லை. ஈரத்தோடு கிழித்தபோதும் ஓரத்தில் நார் பிரியவில்லை. தோல் கிழிந்த மாதிரி இருந்தது.

எழுதுவதற்குப் பயன்பட்ட பார்ச்மென்ட் என்ற தோல்தான் இதற்கு முன்மாதிரி. 1840-களில் பிரான்ஸில் பூமரேத், ஃபிகியே என்ற இருவர் காகிதத்தைக் கந்தக அமிலத்தில் முக்கிப் பார்த்தார்கள். அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்தின் கெய்ன் அதற்குப் பக்குவம் கண்டார்: இரண்டு பங்கு அமிலம், ஒரு பங்கு தண்ணீர், சில விநாடிகள், உடனே அலசல். அதற்குள் செல்லுலோஸின் மேற்பரப்பு பாகாக இளகி நார்களுக்கு இடையிலுள்ள துளைகளை அடைத்துக்கொள்கிறது. நேரம் கூடினால் தாள் கரையும், குறைந்தால் எண்ணெய் கசியும். 1858-இல் வேதியியலாளர் ஹாஃப்மன் சோதித்து, இதுவும் வெறும் செல்லுலோஸ்தான் என்று அறிக்கை கொடுத்தார். வெளியிலிருந்து எதுவும் சேரவில்லை. காகிதமே காகிதத்துக்குப் பூச்சு. இந்த இடத்தில் நான் கொஞ்சம் மயங்கித்தான் போனேன்.

இந்தத் தாளுக்கென்று ஓர் ஊரே உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில், கலமசூ பக்கம், கைவிடப்பட்ட பீட் சர்க்கரை ஆலை ஒன்றை வாங்கி 1909-இல் ஜேக்கப் கிண்டில்பெர்கர் இதைத் தயாரிக்கத் தொடங்கினார். ஆலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு 1939-இல் நகரமானது. பெயர் பார்ச்மென்ட்: அந்தத் தாளின் பெயரேதான்.

ஆலை பல கை மாறி 2000-இல் மூடப்பட்டது. 2018 ஜூலையில் அந்நகரக் குடிநீரில் பிஎஃப்ஏஎஸ் இரசாயனங்கள், அப்போதைய கூட்டாட்சி அறிவுரை அளவைப்போல் சுமார் 20 மடங்கு இருப்பது தெரியவந்தது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவித்து, புட்டித் தண்ணீர் கொடுத்தார்கள். சந்தேகம் பழைய காகித ஆலையின் கழிவுக்கிடங்கின் மேல் விழுந்தது. எண்ணெயும் நீரும் ஒட்டாமலிருக்கக் காகிதத்தில் பூசப்பட்டவை இந்த இரசாயனங்கள். அமிலத் தாளுக்கு இவை தேவையே இல்லை. பிற்காலப் பூச்சுத் தாள்களோடு வந்தவை. ‘காகிதம்தானே, கெடுதல் இல்லை’ என்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றே: எதைப் பூசியிருக்கிறார்கள்?

பூச்சு தேவைப்படும் இடமும் உண்டு. பாலுக்கு இந்த அமிலத் தாள் உதவாது. சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளாது என்பதால் கசியாத பெட்டியாக மூட முடியாது. அதனால்தான் பால் அட்டைப்பெட்டியின் இருபுறமும் பாலித்தீன். நெடுநாள் கெடாத பாலுக்கு அலுமினியத் தகடும் உண்டு. அங்கே அது நியாயம். ஆனால் வெண்ணெய்க்கும் தாளோடு அலுமினியத்தை ஒட்டிச் சுற்றித் தருகிறார்கள் சிலர். வெளிச்சம் பட்டால் வெண்ணெய் சிக்கடிக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். வெளியே ஓர் அட்டைப்பெட்டி இருந்தாலே வெளிச்சம் உள்ளே போகாது.