தேன்சிட்டும் தேன்கிளியும்

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளை ஒட்டிய சந்தொன்றில், மூன்று தலைமுறையாகத் தமிழ் பேசும் வீடு ஒன்று இருக்கிறது. குளியலறை கட்டுவதற்காக முற்றத்துச் செம்பருத்தியை வெட்டியபின், அது நின்ற வெற்றிடத்திற்குத் தேன்சிட்டுகள் சில நாள் வந்து திரும்பின. பார்த்திருந்த பாட்டி, டெக்சாஸில் வசிக்கும் பேரனிடம் சொன்னார். மூன்றாம் வாரம் பொட்டலம் வந்தது: ஹம்மிங்பேர்டுகளுக்கான சிவப்புத் தேன்குடுவை.

ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. மொழிபெயர்ப்பில் அதையும் தேன்சிட்டு என்று எழுதிவிடுவதுண்டு. குழப்பம் அங்கே தொடங்குகிறது. பெயர்களுக்கு இவ்வூரில் பஞ்சமில்லை. அடுத்த வீட்டு மலையாளி தேன்கிளி என்பார். அவருக்கு எந்தச் சிறு பறவையும் கிளி, பாட்டிக்கோ கிளி என்றால் பச்சைக்கிளி. நீண்ட அலகுடைய சிட்டோ, 1752 முதல் 1757 வரை இலங்கையின் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயரைச் சுமக்கிறது. கொச்சியும் அன்று டச்சுக்காரர் வசமே இருந்தது.

ஹம்மிங்பேர்டு அந்தரத்தில் நின்று குடிக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் அமர்ந்தே குடிக்கும். குடுவையில் அமர இடமில்லை. பாட்டி துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்குகளை உருவிக் குறுக்கே கட்டினார்.

ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் என்று பேரன் அளவு சொன்னான். அவருக்கு ஒப்பவில்லை. "வெல்லமும் தேனும் ஆத்துல இருக்கறச்சே, வெறும் சர்க்கரைத் தண்ணியாடா குடுக்கறது?"

அவர் எண்ணியது பிழை. பூந்தேனே பெரும்பாலும் சர்க்கரைகளும் நீரும்தான். வெல்லத்திலுள்ள இரும்பு அச்சிறு உடலுக்குச் சுமை. நீர் கலந்த தேன் விரைவில் புளித்துவிடும். சாயமும் வேண்டா, குடுவையின் சிவப்பே போதும். கொச்சியின் வெக்கையில் கரைசலை நாள்தோறும் கொட்டி, குடுவையை வெந்நீரில் கழுவ வேண்டும். ஆனால் அவருடைய தயக்கத்திலும் நியாயம் இருந்தது. சர்க்கரை நீர் முழு உணவன்று; குஞ்சுகள் வளர்வது பூச்சிகளாலும் சிலந்திகளாலும்.

முதல் வாரம் எறும்புகளே வந்தன. கயிற்றின் நடுவே நீர் நிரப்பிய சிரட்டையைக் கோத்தபின் அவையும் நின்றன. பாட்டி காலையும் மாலையும் திண்ணையில் காத்திருந்தார். பின்னொரு நாள் பெண்சிட்டு ஒன்று வந்து ஈர்க்கில் அமர்ந்தது. குடுவையைத் திரும்பியும் பாராமல், உத்தரத்து மூலையில் தொங்கிய ஒட்டடையை அலகால் இழுத்துக்கொண்டு பறந்தது. கூட்டைப் பிணைக்க அதற்குச் சிலந்தி இழை வேண்டும்.

"குடிச்சுதா பாட்டி?"

"இல்லடா. ஒட்டடைதான் எடுத்துண்டு போச்சு."

அந்த மூலையில் அவர் இன்னும் ஒட்டடை அடிக்கவில்லை. பழைய பெயிண்ட் வாளியில் நட்ட செம்பருத்திக் கொம்பு இரண்டு இலை விட்டிருக்கிறது.