புகையில்லா நெருப்பு

1998 சனவரி, ரமலான் நோன்புக் காலம். நெய்வேலி நகரியத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் அப்போது எரிந்தது ‘லெக்கோ’. பழுப்பு நிலக்கரியைக் கட்டிகளாக அழுத்திக் கரியாக்கிய எரிபொருள் அது. புகை இல்லை, பாத்திரத்தில் கரி பிடிப்பதும் இல்லை.

புகையே வராத அடுப்புக்குப் புகைபோக்கி எதற்கு? ஐப்பசி மழையில் அதன் வழியே சாரல் இறங்கியது. மைனா கூடு கட்டிக் குப்பை உதிர்த்தது. எனவே கீழிருந்தே ஒரு சாக்கைத் திணித்து அடைத்தேன். மழைக்காலம் கழிந்தும் அதை எடுக்கவில்லை.

ஒரு சஹர் வேளை. பனிக்கு அஞ்சிச் சன்னலையும் சாத்தியிருந்தோம். அடுப்பருகே அமர்ந்திருந்த மாமி, “தலை பாரமாக இருக்கிறது, குமட்டுகிறது” என்றார்கள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். எழ முயன்றவர்கள் அப்படியே சரிந்தார்கள். தாங்கப்போன எனக்கும் கால்கள் தள்ளாடின. அவ்வேளை எழுந்து வந்த என் கணவர் கதவைத் திறந்து எங்களை முற்றத்துக்குக் கொண்டு சேர்த்தார். அல்ஹம்துலில்லாஹ், மாமி பிழைத்தார்கள்.

கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு எழும் என்று மருத்துவர் விளக்கினார். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாகப் பற்றிக்கொள்ளும். புகையாவது கண்ணைக் கரித்து எச்சரிக்கும், இது எச்சரிப்பதில்லை.

மறுநாள் கொத்தனார் வந்தார். சாக்கை நீக்கி, கீழே ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தார். வானம் தெரிய வேண்டிய இடத்தில் இருள்! கயிற்றில் கல்லோடு துடைப்பத்தைக் கட்டி மேலிருந்து இறக்கியதும், பழைய கூடும் கரியும் கூடை நிறைய விழுந்தன. பூச்சு உதிர்ந்த செங்கல் இடுக்குகளைச் சாந்தால் அடைத்தார். மழை நுழையாமல் உச்சியில் தகரக் குடை, பறவை நுழையாமல் கம்பிவலை. இறுதியாக ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி வாயருகே பிடித்தோம். புகை நேராக மேலேறிய பின்னரே அடுப்பு மூட்டினோம்.

உறங்கச் செல்லுமுன் வீட்டு நெருப்பை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதன் ஆழம் அன்று எனக்கு விளங்கியது.

லெக்கோ ஆலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டிலும் இன்று எரிவாயுதான். ஆயினும், குளிருக்காக அடைத்த அறையில் கரியைக் கனலவிட்டு உறங்கியவர்கள் விழிக்கவே இல்லை என்னும் செய்தியை இன்றும் படிக்கிறோம். சகோதரிகளே, அடுப்பு எதுவாயினும் காற்றின் வழியை அடைக்காதீர்கள். தலை கனத்தால் காரணம் தேடிக்கொண்டிராமல் முதலில் கதவைத் திறந்து வெளியேறுங்கள். அன்று அந்தச் சாக்கைத் திணித்தது என் கைதான்.