கட்டத்தின் கணக்கு

பாவு ஓட்டும் நேரத்தில் நெசவுசாலைக்குள் கதை கிடையாது. எண்ணிக்கை பிசகினால் அன்றைய வேலை முழுவதும் வீண். தொண்டைமானாற்றுக்குக் கிட்ட, ஓட்டுக்கூரை போட்ட அந்தச் சிறிய சாலையில் நான் போன காலை இரண்டு பெண்கள் சாரத்துக்குப் பாவு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அரக்கு 24, வெள்ளை 2, கறுப்பு 8, வெள்ளை 2, பிறகு மறுபடி அரக்கு. மூத்தவரின் உதடு மட்டும் அசைந்தது. இளையவர் நூலை எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். "இருங்கோ பிள்ளை, இந்தக் கட்டத்தை முடிச்சுப்போட்டு வாறன்" என்று மூத்தவர் சொன்னபோதுதான் என்னைக் கண்டுவிட்டார் என்பதே தெரிந்தது.

கட்டம் போட்ட துணியை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். பூவும் மயிலும் போட்ட சேலைக்கு முன்னால் அது எளிய வேலை போலத் தெரியும். தறியில் உட்கார்ந்தவருக்குத்தான் அதன் கண்டிப்புப் புரியும். பாவில் எந்த வரிசையில் நிறங்கள் ஓடுகின்றனவோ, அதே வரிசை ஊடையிலும் வரவேண்டும். நிறத்துக்கு ஒரு நாடா. ஒவ்வொரு நிற மாற்றத்துக்கும் ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடுக்கவேண்டும். அடி கொஞ்சம் பலமாக விழுந்தால் கட்டம் குறுகிவிடும், தளர்ந்தால் நீண்டுவிடும். காலையில் நெய்ததும் களைத்துப்போன பின்னேரத்தில் நெய்ததும் ஒரே சதுரமாக இருக்கவேண்டும். அதற்காக அந்த அம்மா ஒரு ஈர்க்கில் வெட்டு அடையாளம் வைத்திருந்தார். சிறிது நெய்ததும் அதைத் துணியில் வைத்துப் பார்ப்பார். சாரத்தை மூட்டும்போது தையலின் இரு பக்கமும் கட்டத்தோடு கட்டம் பொருந்தினால் அது நல்ல கை. கடையில் சாரம் வாங்குபவர்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம் அந்தத் தையல்தான்.

நான் அங்கே போனது சாரத்துக்காக அல்ல, ஒரு பழைய கலியாணக் கூறைச் சேலைக்காக.

தொண்டைமானாற்றில் எனக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று. அவர்களுடைய பேரன் கிளாஸ்கோவில் பிறந்து வளர்ந்தவன். கலியாணம் ஊரில், சன்னிதி முருகனின் சன்னிதானத்தில். வரவேற்பு அங்கே, ஸ்கொட்லாந்தில். வரவேற்புக்குத் தன் நண்பர்களைப் போல, அந்நாட்டு ஆண்கள் உடுக்கும் மடிப்புப் பாவாடையான கில்ட் உடுத்த ஆசைப்பட்டான். ஆனால் எந்த டார்ட்டன், அதாவது எந்தக் கட்டம்? நண்பர்களுக்குக் குடும்பப் பெயரோடு வந்த கட்டம் இருக்கிறது. தனக்கு எது என்று அம்மம்மாவிடம் தொலைபேசியில் கேட்டிருக்கிறான். அவர் பதில் சொல்லாமல் போய்ப் பெட்டகத்தைத் திறந்திருக்கிறார்.

அவர் எனக்கு விரித்துக் காட்டியது அவருடைய தாயாரின் கூறை. கூறைநாட்டு நெசவு, பட்டும் பருத்தியும் கலந்தது. மாயவரத்தின் ஒரு பகுதியான கூறைநாடு இந்தச் சிறு கட்டங்களுக்கே பேர்போனது. பாய்க்கப்பல் ஓடிய காலத்தில் இந்தக் கரைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் தோணிகள் போய்வந்தன, துணி அந்த வழியாகவே வந்தது. எங்கள் வழக்கில் கூறையைத் தெரிவு செய்வது மாப்பிள்ளை வீட்டார். சபையில் தாலியோடு தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் ஆசி வாங்கி, மணப்பெண்ணின் கையில் கொடுப்பார்கள். அவள் உள்ளே போய் அதை உடுத்து வந்த பிறகே தாலி ஏறும். அதனால் ஒரு பெண்ணுக்குப் புகுந்த வீடு கொடுக்கும் முதல் அடையாளம் இந்தத் துணிதான். சுமங்கலியாகக் கண்மூடினால் கூறையையே உடுத்தி அனுப்புவது பல குடும்பங்களில் வழக்கம். பழைய கூறைகள் இன்று அருமையாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அவை உரியவர்களோடு நெருப்புக்குப் போய்விட்டன. இந்தத் தாயார் கணவருக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தார். அதனால் கூறை பெட்டகத்தில் தங்கியது. 1987 மே மாதம் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது காணி உறுதியையும் நகையையும் சுற்றிக்கொண்டு ஓடியது இந்தத் துணியில்தான் என்றார் அம்மம்மா. மடிப்பு விழுந்த இடங்களில் இழை அறுந்திருந்தது. கட்டம் மட்டும் தெளிவாக நின்றது.

"எங்கட கட்டம் இதுதான் எண்டு அவனிட்டச் சொல்லிப்போட்டன்" என்றார்.

அவர் சொன்னது மிகச் சரி என்று நினைக்கிறேன். ஸ்கொட்லாந்தின் குடும்பக் கட்டங்களும் ஆதியிலிருந்து வந்தவை அல்ல. 1746 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் மலைநாட்டாரின் உடையைத் தடை செய்தது. 1782 இல்தான் தடை நீங்கியது. 1822 இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வால்டர் ஸ்கொட்டின் ஏற்பாட்டில் எல்லோரும் டார்ட்டன் உடுத்து வரவேண்டும் என்றாயிற்று. அதன் பிறகே ஒவ்வொரு குலமும் தனக்கென்று ஒரு கட்டத்தை உறுதியாகப் பற்றிக்கொண்டது. பனொக்பேர்னில் வில்சன் குடும்பத்தாரின் நெசவு நிறுவனம் வெறும் எண்ணால் விற்றுவந்த கோலங்கள் சில, பின்னாளில் குலப் பெயர்களைப் பெற்றன. இதைச் சொல்லி டார்ட்டனைப் பொய் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு குடும்பம் ஒரு கட்டத்தைத் தன்னுடையது என்று ஏற்று, அதை உடுத்துக் கலியாணம் செய்து, அதைப் போர்த்திப் பிணம் எடுத்தால், நாலு தலைமுறையில் அது அந்தக் குடும்பத்தின் கட்டம்தான்.

நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களும் அப்படித்தான். சோழமண்டலக் கரையில் நெய்து கப்பலேறிய கட்டத் துணியை அவர்கள் இஞ்ஜிரி என்று அழைத்துப் பெட்டிகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவைத்தார்கள். குடும்பத்துப் பெரியவர் இறந்தால் உடலைக் கிடத்தும் கட்டிலை அந்தத் துணிகளால் அலங்கரிப்பார்கள். நெய்த கைகள் யாருடையவை என்று அவர்களுக்குத் தெரியாது. நெய்தவர்களுக்கும் தங்கள் துணி எந்த வீட்டுத் துக்கத்தில் விரியும் என்று தெரிந்திராது. நாம் உடுக்கும் பளையகாட்டுச் சாரமும் அதே கரையின் பழவேற்காட்டுப் பெயரைச் சுமப்பதுதான். ஒல்லாந்தர் அங்கே கோட்டை கட்டித் துணி வாங்கினார்கள். 1658 இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள்.

ஸ்கொட்லாந்தில் அதே கட்டத்தைப் பேரனுக்கு நெய்விக்க இழைக் கணக்கு வேண்டியிருந்தது. அதற்காகக் கூறையை நெசவுசாலைக்கு எடுத்துப்போனபோது மூத்தவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். பூதக்கண்ணாடியும் ஊசியும் வந்தன. ஊசி முனையால் இழை இழையாகத் தள்ளி எண்ணினார். இளையவர் நூல் பெட்டியின் மட்டையில் எழுதினார். ஒரு கட்டத்தை எண்ணி முடித்ததும் விடவில்லை, அடுத்ததையும் அதற்கடுத்ததையும் எண்ணினார். "ஒரு கட்டத்தில பிழை இருந்தாலும் இருக்கும். மூண்டு ஒத்துவந்தால்தான் கணக்கு." பிறகு அவர் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது. அங்கே எதில் நெய்வார்கள், கம்பளியிலா என்றார். ஆம் என்றேன். "அப்ப இந்த எண்ணிக்கையை அப்பிடியே குடுக்காதேங்கோ. கம்பளி நூல் மொத்தம். கட்டம் பெருத்துப்போம். எல்லா நிறத்தையும் ஒரே விகிதத்தில குறைக்கச் சொல்லுங்கோ." கில்ட்டை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அதற்கு எட்டு யார் அளவு துணி வேண்டும், மடிப்பு விழுந்த பிறகும் பின்புறத்தில் கட்டம் தொடர்ந்து தெரியும்படி தைப்பார்கள் என்று சொன்னேன். "கூறைக்குக் கொய்யகம் பிடிக்கிற மாதிரி" என்றார், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

ஸ்கொட்லாந்தில் 2008 இல் சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டு டார்ட்டன் பதிவேடு ஒன்றைத் திறந்தார்கள். புதிய கோலம் ஒன்றை யாரும் விண்ணப்பித்துப் பதியலாம். கேட்பது இழைக் கணக்கு. வில்சன் நிறுவனத்தார் 1819 இல் எழுதிவைத்த கோலப் புத்தகம் இருப்பதால் அந்தக் காலத்துக் கட்டங்களை இன்றும் இழை பிசகாமல் நெய்ய முடிகிறது. எங்களிடம் அப்படி ஒரு புத்தகம் இல்லை. எங்கள் கணக்கு இந்தப் பெண்களின் மனதில் இருக்கிறது. 1977 க்குப் பின் இறக்குமதித் துணி வந்து கைத்தறியை அமுக்கியது, பிறகு போர், 2022 இன் நெருக்கடியில் நூல் விலை. அந்தச் சாலையில் ஓடாமல் நின்ற தறிகள் ஓடியவற்றைவிட அதிகம். கூலி மீற்றர் கணக்கில். உட்கார்ந்து எண்ணும் நேரத்துக்குக் கூலி கிடையாது. இது அநியாயம். கட்டத் துணியில் திறமை முழுவதும் எண்ணுவதில் இருக்கிறது, நாம் அதை இலவசமாக வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் கட்டம் போட்ட பழைய கூறையோ சாரமோ இருந்தால், கிட்ட உள்ள நெசவுசாலைக்குக் கொண்டுபோங்கள். இழையை எண்ணச் சொல்லுங்கள், எண்ணியதற்குப் பணம் கொடுங்கள். யாருடைய துணி, எந்த ஆண்டுக் கலியாணம், எண்ணியவர் யார் என்பதையும் அதே தாளில் எழுதி, துணியோடு வையுங்கள்.