அம்மானின் இத்தாலிய வண்டி

நம் கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபொழுது, மாணவப் பருவத்து நினைவுகளைத் தொகுத்துக் கொடுக்கலாமென்றே முதலில் எண்ணினோம். எழுத அமர்ந்தபோதோ, ஆசிரியர்களும் விடுதியும் விளையாட்டிடமும் சற்றே விலகி நிற்க, ஒரு பழைய மோட்டார் வண்டியே முன்னே வந்து நின்றது. 1966ஆம் ஆண்டு தை மாதத்தில், தகரப் பெட்டியும் கையுமாக அனலைதீவுச் சிறுவன் ஒருவனைக் கல்லூரி வாயிலில் இறக்கிவிட்ட வண்டி அது. அதனை விற்ற கதையையும் அவ்விற்பனையால் நாம் கற்ற பாடத்தையும் இம்மலரிற் கூறுதல் பொருந்தாதென எவரும் கருதார் என நம்புகின்றோம்.

அனலைதீவுக்குப் பாலம் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஊர்காவற்றுறையிலிருந்தோ குறிகட்டுவானிலிருந்தோ படகேறியே அங்கு செல்லல் வேண்டும். பனையும் புகையிலையும் ஐயனார் கோயிலும் எம் ஊரின் செல்வங்கள். தீவுப்பகுதியார் பலரைப் போல எம் அம்மானும் தென்னிலங்கை நகரொன்றிற் சுருட்டுக்கடை வைத்து வாழ்ந்தவர். அவர் வாங்கிய வண்டி எம் தீவின் மண்ணை ஒருநாளேனும் மிதித்ததில்லை. அவர் அதனை ஊர்காவற்றுறையில் உறவினர் வளவொன்றில் நிறுத்திவிட்டுப் படகேறி வீடு வருவார். ஓர் இரவு, பேறுகாலத்திலிருந்த எம் அன்னையைப் படகிற் கிடத்திக் கரை சேர்த்தபொழுது, கடலிற் கழிந்த நேரத்தைத் தரையில் மீட்டுத் தந்தது அவ்வண்டியே. எம் இளைய தம்பி பிறந்தது யாழ்ப்பாண மருத்துவமனையில். தாயும் பிள்ளையும் நலமே மீண்டனர்.

வண்டி இத்தாலி நாட்டது. தூரின் நகரில் 1899ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பியட் நிறுவனம், 1953ஆம் ஆண்டு வெளியிட்ட புதிய 1100 என்னும் வகையைச் சார்ந்தது. இயந்திரத்தின் கொள்ளளவு 1089 கன சென்ரிமீற்றர். முன்கதவுகள் இரண்டும் பின்புறக் கீலிற் பூட்டப்பெற்று, வீட்டுக் கதவு போல எதிர்ப்பக்கமாகத் திறக்கும். விடுதி மாணவர் அனைவரும் அவ்வதிசயத்தைக் காண ஓடிவந்தமையால், முதல் நாளிலேயே எமக்கு நண்பர் பலர் வாய்த்தனர். அம்மானின் வண்டி 1958ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. அவர் அதனை 1965ஆம் ஆண்டு இரண்டாம் கையாக வாங்கினார். அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலமாதலின், புதிதாக வந்தபோது விற்ற விலையிலும் கூடிய விலையையே கொடுத்தார். வயது ஏற ஏற விலை இறங்கும் என்பது உலக வழக்கு. புதியது வரும் வழி அடைபடின் அவ்வழக்கும் தலைகீழாகும் என்பதை அன்றே கண்டோம்.

இதே வகை வண்டி நம் அயல்நாட்டிலும் நெடுங்காலம் வாழ்ந்தது. பம்பாயின் பிரீமியர் நிறுவனம் பியட்டின் உரிமம் பெற்று 1100ஐச் செய்து வந்தது. 1970களில் அதற்குப் பிரீமியர் பத்மினி என்னும் பெயர் சூட்டப்பட்டது. கறுப்பும் மஞ்சளுமாக அந்நகரத் தெருக்களை நிறைத்த அவ்வாடகை வண்டிகள் 2023ஆம் ஆண்டு ஐப்பசியிலேயே முற்றாக ஓய்வு பெற்றன. நம் வண்டியின் சில உறுப்புகளும் பம்பாயிற் பிறந்தவையே.

1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அம்மானின் கடை எரிந்தது. வண்டி அப்பொழுது திருத்த வேலைக்காக யாழ்ப்பாணத்தில் நின்றமையால் தப்பியது. கையில் ஒரு பையோடு ஊர் திரும்பிய அம்மான், அவ்வண்டியைப் பார்த்து, "நீயாவது மிஞ்சினாய்" என்றார். அதன்பின் அவர் அதனை விற்க எண்ணியதில்லை.

1990ஆம் ஆண்டு குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் மருந்துபோல அரிதாயிற்று. யாழ்ப்பாணத்து ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் எம் பியட்டும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. இளைய மாணவர்களுக்காக அதன் முறையைச் சிறிது விளக்குவோம். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே, தனியே பொருத்திய ஒரு சிறு தாங்கியில் நூறு மில்லிலீற்றர் அளவு பெற்றோலை வைத்து, அதனால் இயந்திரத்தை முடுக்கி, அது நன்கு சூடேறியபின் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றல் வேண்டும். அமுக்கம் குறைந்த பழைய இயந்திரங்கள் இதற்கு ஓரளவு இசைந்தன. அமுக்கத்தை மேலும் குறைக்கத் தலைப்பகுதியின்கீழ்த் தடித்த தகடு இடுவாரும் உளர். புதிய வண்டிகள் முடங்கிக் கிடக்க, கிழவண்டிகள் ஊரைச் சுமந்தமைக்குக் காரணம் இதுவே. ஆயினும், எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் மசகெண்ணெயோடு கலந்து உள்ளுறுப்புகளைத் தேய்க்கும். எம் வண்டியின் இயந்திரக் கட்டை 1993ஆம் ஆண்டு வெடித்துப் போயிற்று. நல்லூரைச் சேர்ந்த மெக்கானிக் ஒருவர், விபத்தில் நொறுங்கிய வேறொரு பியட்டின் இயந்திரத்தைக் கொணர்ந்து பொருத்தினார். காபிரேற்றர் ஓர் ஒஸ்ரினிலிருந்து வந்தது. றேடியேற்றர் உள்ளூர்ப் பட்டறையில் ஒட்டப்பட்டது.

அந்த வண்டியே 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் வெளியேறியபொழுது, எம் அன்னையையும் நடக்கவியலாத அம்மானையும் அயல்வீட்டுக் குழந்தைகள் மூவரையும் ஏற்றிக்கொண்டு செம்மணி வழியே தென்மராட்சி நோக்கி நகர்ந்தது. ஓடியது என்று கூறோம். சனக்கடலின் நடுவே அது நடந்தது. கொதித்து நின்றபோதெல்லாம் நாம் தள்ளினோம், முகமறியாதவர்களும் தள்ளினர். மழையிற் பிடித்த நீரை றேடியேற்றரில் ஊற்றினோம். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கப் பொழுது விடிந்துவிட்டது. அம்மான் மீண்டும் தம் ஊரைக் காணவில்லை; சாவகச்சேரியிலேயே கண்மூடினார். வண்டி மட்டும் எம்மோடு யாழ்ப்பாணம் திரும்பியது.

இனி விற்பனைக்கு வருவோம். போர் முடிந்து பாதை திறந்தபின், பழைய வண்டிகளைத் தேடித் தெற்கிலிருந்து சேகரிப்பாளர் பலர் யாழ்ப்பாணம் வரலாயினர். தடையும் வறுமையும் காத்து வைத்த வண்டிகள் அவர்களுக்குப் புதையலாகத் தோன்றின. வண்டியின் உரிமை அம்மானின் மகளுக்கு, அதாவது எம் மைத்துனிக்கு, உரியது. கணவனை இழந்து அனலைதீவில் வாழ்ந்த அவருக்கு, மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்குப் பணம் தேவையாயிற்று. 2018ஆம் ஆண்டு ஆவணியில், விற்றுத் தருமாறு எம்மிடம் கூறினார்.

இதனைக் கேள்வியுற்ற தொறன்ரோ மருமகன் உடனே தொலைபேசியில் அழைத்தான். அதே மாதத்திற் கலிபோர்னியாவில் நடந்த ஏலமொன்றில் 1962ஆம் ஆண்டுப் பெராரி 250 ஜி.டி.ஓ. வண்டியொன்று 48.4 மில்லியன் டொலருக்கு விலைபோயிருந்தது. "மாமா, எங்களுடையதும் இத்தாலிய வண்டி, அவசரப்பட்டு விற்காதீர்கள்" என்றான். நாம் சிரித்தோம். பெராரியும் பியட்டும் ஒரே நாட்டிற் பிறந்தவை என்பது மெய். ஆனால் அரண்மனைக் குதிரையும் வண்டில் மாடும் ஒரே ஊரிற் பிறத்தல் கூடாதா? அவ்வகைப் பெராரியில் நாற்பதுக்கும் குறைவான வண்டிகளே செய்யப்பட்டன. அவை பந்தயக் களங்களில் வென்றவை. ஒவ்வொன்றின் வரலாறும் எழுத்தில் உண்டு. பியட் 1100 வகையிலோ இலட்சக்கணக்கான வண்டிகள் பிறந்தன. பழைய மில்லே மில்யா ஓட்டத்திற் பங்குகொண்ட 1100 வகைகளை ஐரோப்பியர் இன்றும் விரும்பி வாங்குவர். அவ்வோட்டமோ 1957இல் நின்றது. நம் வண்டி 1958ஆம் ஆண்டினது.

எனினும் மருமகனின் ஆராய்ச்சியால் ஒரு பயன் விளைந்தது. சேகரிப்பாளர் எதற்கு விலை கொடுக்கின்றனர் என்பதை அறிந்தோம். அருமை முதலாவது, பிறந்தபோதிருந்த இயந்திரமும் உடற்சட்டமும் பிரியாதிருத்தல் இரண்டாவது, எழுத்துச் சான்று மூன்றாவது. மரனெல்லோவிலுள்ள பெராரி ஆலை, தன் பழைய ஏடுகளோடு எண்களை ஒப்புநோக்கிச் சான்றிதழே வழங்குகின்றது. 2015ஆம் ஆண்டு பாரிசில் விற்கப்பட்ட ஒரு பெராரி, பல்லாண்டு கொட்டகையிற் கிடந்து தூசு படிந்தது. அத்தூசோடும் அது 16 மில்லியன் யூரோவுக்கு மேல் பெற்றது. தீண்டப்படாமையே அதன் சிறப்பு.

இங்கேதான் எமக்கு இடர் எழுந்தது. நம் வண்டி தீண்டப்பட்ட வண்டி. அதன் இயந்திர எண் பதிவேட்டோடு பொருந்தாது. மருமகன், "அவர்களாகக் கேட்டாலன்றி இயந்திரத்தைப்பற்றி வாய் திறவாதீர்கள், விலை விழுந்துவிடும்" என்று எச்சரித்தான். எம் பொருளாயின் தயங்கியிரோம். பிறர் பொருள், அதுவும் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு. எம் நேர்மைக்கு மற்றொருத்தி விலை கொடுப்பதா? இரண்டு இரவுகள் உறக்கமின்றிக் கழித்துவிட்டு, படகேறி அனலைதீவு சென்று மைத்துனியிடமே கேட்டோம். அவர் நெடுநேரம் சிந்திக்கவில்லை. "உள்ளதைச் சொல்லி விற்றுவிடுங்கள், அத்தான். அப்பா உலர்ந்த கட்டுக்குள் ஈரப் புகையிலையை மறைத்து ஒருநாளும் விற்றதில்லை" என்றார்.

வாங்க வந்தவர் கொழும்பைச் சேர்ந்த சிங்களப் பெரியவர். தமிழறிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, மனம் மகிழ்ந்து, ஒரு விலை கூறினார். அதன் பின்னரே நாம் அனைத்தையும் சொன்னோம். இயந்திரம் வேறொன்றினது, காபிரேற்றர் ஒஸ்ரினுடையது, றேடியேற்றர் ஒட்டியது என ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினோம். அவர் முகம் வாடிற்று. மூன்றிலொரு பங்கைக் குறைத்தார். அது முறையே, அவர்மீது குறை கூறுவதற்கில்லை. சந்தைக்கு ஒரு நீதி உண்டு. பொய்யான எண்ணுக்கு விலை கொடுத்தால் மெய்யான எண்ணுக்கு மதிப்பிராது.

கைச்சாத்திடும் வேளையில், முன்புறத்து மூடியின்கீழ் இருந்த சிறு தாங்கியைச் சுட்டி, இஃது என்னவென்று வினவினார். தடைக்காலத்தையும் அந்த ஐப்பசி இரவையும் கூறினோம். மெக்கானிக் மொழிபெயர்த்தார், இடையிடையே அவர் குரல் தடைப்பட்டது. பெரியவர் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், "இவற்றை ஆண்டு நாளோடு எழுதித் தாருங்கள், வண்டியின் பத்திரங்களோடு வைப்பேன். மற்ற உறுப்புகளைப் பழையபடி ஆக்குவேன்; இந்தத் தாங்கியை மட்டும் கழற்றேன்" என்றார். அன்றிரவே நான்கு பக்கம் எழுதினோம். மறுநாட் காலை அதனைப் பெற்றுக்கொண்ட அவர், குறைத்த தொகையிற் பாதியைத் தாமாகவே கூட்டித் தந்தார். நாம் கேட்கவில்லை, அவரும் காரணம் கூறவில்லை. வண்டி வாயிலைக் கடந்து மறைந்தபோது எம் கண்கள் கலங்கியதை மறைக்க மாட்டோம்.

2020ஆம் ஆண்டு பங்குனியில் அரசாங்கம் மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025ஆம் ஆண்டு வரை சொந்த வாகனங்களுக்கு வழி திறக்கவில்லை. பழைய வண்டிகளின் விலை வானளாவியது. "பொறுத்திருந்தால் இரட்டிப்பாகக் கிடைத்திருக்கும், மாமா" என்று மருமகன் இன்றும் மனம் நோவான். மெய்தான். ஆனால் பொறுத்திருந்தால் அப்பிள்ளையின் படிப்பும் பொறுத்திருக்குமா? அவள் இன்று பட்டதாரி ஆசிரியை. பெரியவர் அனுப்பிய புகைப்படம் ஒன்று அனலைதீவு வீட்டுச் சுவரில் தொங்குகின்றது. வண்ணம் புதிது, மூடி திறந்திருக்கின்றது, சிறு தாங்கி இருந்த இடத்திலேயே இருக்கின்றது. கடலைக் கடக்காத வண்டி படமாகவேனும் கடந்து வந்துவிட்டது.

பழைய மாணவ நண்பர்காள்! யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர். நம் இல்லங்களிற் கிடக்கும் பழம்பொருள்கள் யானைகளல்ல. அவற்றின் கதையை அறிந்தவர் மறைந்ததும் அவை வெறும் இரும்பும் மரமுமாகிவிடும். ஆதலால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடிகாரமாயினும், தையற் பொறியாயினும், துவிச்சக்கர வண்டியாயினும், அதனை யார் வாங்கினார், எங்கே உடைந்தது, எவர் திருத்தினார், யாரைச் சுமந்தது என்பதை ஆண்டு நாளோடு ஒரு தாளில் எழுதி அதனோடு வைத்துவிடுங்கள். உடைந்ததையும் மாற்றியதையும் மறையாது எழுதுங்கள். நாம் எழுதிய நான்கு பக்கங்களின் படியொன்று எம்மிடம் உண்டு. அதனைக் கல்லூரி நூலகத்திற்கு இம்மலரோடு அனுப்பி வைக்கின்றோம்.