முகட்டோடு

ஈஸ்ற்ஹாமில் வேலை முடிந்து வரும்போது நாங்கள் கடைகளைப் பார்க்கிறோம், கூரைகளைப் பார்ப்பதில்லை. இங்குள்ள பழைய வரிசை வீடுகளில் இரு சரிவுகள் சேரும் உச்சியை, ஊரைப் போலவே, முகட்டோடு மூடுகிறது. ஆனால் இங்கே உறைபனி சாந்தை வெடிக்கச் செய்யும். பிறகு காற்று ஓட்டைக் கிளப்பும். 1987 ஒக்ரோபர் புயலில் தென் இங்கிலாந்தில் பறந்த ஓடுகள் கொஞ்சமல்ல. புதிதாக முகடு போடுவோருக்குச் சாந்து மட்டும் போதாது, திருகாணியாலும் பூட்டவேண்டும் என்று பிரித்தானிய நியமம் 2014இல் திருத்தப்பட்டது.

வீடு வாங்கப்போகிறவர்கள் குசினியை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, முகடு நேராக ஓடுகிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

வாடகை வீட்டில் பிள்ளைகளின் அறை ஒழுகினாலும், சொன்னால் எழுப்பிவிடுவாரோ என்று பயந்து கோப்பை வைக்கிறோம். கூரையைத் திருத்துவது வீட்டுக்காரரின் கடமை என்கிறது 1985ஆம் ஆண்டுச் சட்டம். கடிதமாகவே எழுதிக் கொடுங்கள், பிரதியொன்றை வைத்திருங்கள்.